போர் தண்ணி உப்பா இருக்கா? மாமல்லபுரம் கடற்கரை வீடுகளுக்கான 'ஒரு நாள்' தோட்ட கைடு!

நாற்று வாங்கியாச்சு. குரோ பேக் வாங்கியாச்சு. யூடியூப் பார்த்து மண்கலவையும் போட்டாச்சு. முதல் இரண்டு வாரம் செடி தளதளன்னு வரும். மூணாவது வாரம் இலையோட ஓரம் மட்டும் பழுப்பாகக் கருக ஆரம்பிக்கும். 'தண்ணி போதலையோ'ன்னு இன்னும் ரெண்டு மக் ஊத்துவீங்க. 'சத்து போதலையோ'ன்னு உரம் போடுவீங்க. அடுத்த மாசம் அந்தப் பையில வெறும் குச்சிதான் நிக்கும்.

கோவளத்துல இருந்து கல்பாக்கம் வரைக்கும் கடற்கரையை ஒட்டி வீடு இருக்கிறவங்களுக்கு இது பழகின கதை. உடனே 'எனக்குக் கைராசி இல்லை'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. பல வீடுகளில் குற்றவாளி பூச்சியும் இல்லை, வெயிலும் இல்லை. நீங்க தினமும் பாசமா ஊத்துற போர் தண்ணிதான்.

செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 முதல் தனி மாவட்டம். ஆனா, தோட்டக் கணக்குல பார்த்தா இது ரெண்டு மாவட்டம் மாதிரி. செங்கல்பட்டு டவுன், மதுராந்தகம் பக்கம் ஏரியும் பாலாறும் இருக்கு. அங்கே இருந்து சுமார் 30 கிலோமீட்டர், திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் வந்துட்டீங்கன்னா மண் மணலாகும், காற்று உப்பாகும், பல இடங்களில் தண்ணியும் மாறிடும். செங்கல்பட்டுல இருக்கிற அத்தை வீட்டுல காய்ச்சுத் தள்ளுற அதே அவரைக்கொடி, இங்கே வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கறதுக்கு இதுதான் காரணம்.

அதனால, இந்தக் கட்டுரையில தண்ணியை மையமா வெச்சு, காலையில எழுந்திரிக்கிறதுல இருந்து ராத்திரி ஏ.சி போடுற வரைக்கும் ஒரு முழு நாளைப் பார்ப்போம். தோட்டத்துக்குத் தனியா நேரம் ஒதுக்கணும்னு அவசியமே இல்லை. வீட்டுல எப்படியும் நடக்கிற வேலைகளோடயே இதுவும் நடந்துடும்.

முதல்ல, தண்ணி ஏன் உப்பாகுது?

இ.சி.ஆர் ஓரமா ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். நடுவுல இருக்கிற மணல் திட்டுல பெய்யுற மழை கீழே இறங்கி நல்ல தண்ணியா தங்குது. நல்ல தண்ணி லேசு, கடல்நீர் கனம். அதனால நிலத்தடியில உப்புத் தண்ணிக்கு மேலே நல்ல தண்ணி மிதந்துட்டு இருக்கும். பாலுக்கு மேலே ஆடை மாதிரின்னு வெச்சுக்கோங்க.

இதுல ஒரு பழைய கணக்கு இருக்கு. நிலத்தடி நீர் படிக்கிறவங்க இதை கைபென் - ஹெர்ஸ்பெர்க் விதின்னு சொல்வாங்க. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணி நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். அப்படியே திருப்பிப் போடுங்க. மோட்டார் போட்டு மேலே 1 அடி குறைச்சா, கீழே இருந்து உப்பு 40 அடி ஏறி வரத் தயாரா இருக்கும். நிஜத்துல மண்ணோட தன்மையைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனா திசை மாறாது.

'தண்ணி வரலை, இன்னும் ஆழமா போடு'ன்னு போரை இறக்குறது இந்தக் கரையோரத்துல ஏன் ஆபத்துன்னு இப்போ புரியும். ஆழமா போகப்போக நீங்க உப்பை நோக்கித்தான் போறீங்க. அதே தெருவுல மேலாக வெட்டின பழைய உறைகிணறு ருசியா இருக்கும், பக்கத்துல போட்ட புது போர் கரிக்கும். ஒரு வீட்டுக்காரர் மட்டும் உறிஞ்சினாலும் உப்பு அந்த ஒரு வீட்டோட நிக்காது. பக்கத்து வீட்டு முருங்கைக்கும் அதே தண்ணிதான். தோட்டத்துக்கு போர் தண்ணியை எவ்வளவு கம்மியா எடுக்கிறோம்ங்கிறது, இங்கே உங்க வீட்டு விஷயம் மட்டும் இல்லை.

ஒரு குட்டி மீட்டர் வாங்கிடுங்க

பேனா சைஸ்ல டி.டி.எஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல கிடைக்கும். தண்ணியில முக்கினா ஒரு நம்பர் காட்டும். ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைஞ்சிருக்குங்கிறதுக்கு அது தோராயமான கணக்கு. விலை உயர்ந்த உரம், கலர் கலர் பூந்தொட்டி எல்லாம் அப்புறம். இந்தக் கரையில தோட்டம் போடுறவங்க முதல்ல வாங்க வேண்டியது இதுதான்.

குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500-க்குள்ள இருக்கிறது நல்லதுன்னு சொல்லுது. வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும். செடிக்கும் கிட்டத்தட்ட இதே எல்லைதான். ஐ.நா-வோட உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வழிகாட்டிப்படி 450-க்குக் கீழே இருந்தா எந்தச் செடிக்கும் கவலை இல்லை. 450-ல இருந்து 2,000 வரைக்கும் செடியைப் பார்த்துத் தேர்வு பண்ணணும். 2,000-க்கு மேலே போனா அது தோட்டத்துக்கான தண்ணியே இல்லை.

மாசம் ஒரு தடவை அளந்து, மொபைல்ல குறிச்சு வெச்சுக்கோங்க. மே மாசம் ஒரு நம்பர் காட்டும், நல்ல மழைக்கு அப்புறம் டிசம்பர்ல வேற நம்பர் காட்டும். ஒரு எச்சரிக்கை, இந்த மீட்டர் உப்பு 'எவ்வளவு'ன்னுதான் சொல்லும். 'எந்த உப்பு'ன்னு சொல்லாது. பாத்திரத்துல வெள்ளையா படியுற சுண்ணாம்பு உப்பு செடிக்கு அவ்வளவு மோசமில்லை. வாயில கரிக்கிற சோடியம் உப்புதான் வில்லன். அதைப் பிரிச்சுப் பார்க்கணும்னா வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் ஒரு பாட்டில் தண்ணி கொடுத்தா சோதிச்சுச் சொல்வாங்க.

காலை 5.30: செடிக்கு முன்னாடி, பையோட அடியைப் பாருங்க

மே மாசத்துல இங்கே 5.45-க்கெல்லாம் சூரியன் வந்துடும். வாசல் தெளிச்சு கோலம் போடுற நேரம்தான் தண்ணி ஊத்தவும் சரியான நேரம். வெயில் ஏறுறதுக்குள்ள வேர் குடிச்சு முடிச்சிடணும்.

எப்படி ஊத்துறீங்கங்கிறதுல விஷயம் இருக்கு. தினமும் கொஞ்சமே கொஞ்சம் தெளிச்சுட்டு வந்தா, தண்ணி ஆவியாகிடும், உப்பு மட்டும் பையில தங்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் உப்பு. பை விளிம்புலயும் மண்ணு மேலேயும் வெள்ளையா பூத்த மாதிரி படலம் தெரிஞ்சா அது உப்புதான், பூஞ்சைன்னு நினைச்சு மருந்து அடிக்காதீங்க. இதுக்கு வழி, ஊத்துற தண்ணியில கிட்டத்தட்ட ஐந்துல ஒரு பங்கு அடியில இருக்கிற ஓட்டை வழியா வடியுற அளவுக்கு ஊத்துறது. வடியுற தண்ணி உப்பையும் இழுத்துட்டுப் போகும். அதனாலதான் பையோட அடியைப் பாருங்கன்னு சொன்னேன். ஓட்டை அடைஞ்சிருந்தா குச்சி விட்டுக் குத்துங்க. தரையில அப்படியே வைக்காம ரெண்டு செங்கல் மேலே தூக்கி வெச்சா தண்ணியும் வடியும், மாடித் தளத்துல ஈரமும் நிக்காது.

வேர்ப் பக்கமா ஊத்துங்க. உப்புத் தண்ணியை இலை மேலே ஷவர் மாதிரி அடிச்சா, காய்ஞ்சதும் உப்பு இலையிலேயே ஒட்டிக்கும்.

சரி, தண்ணி நிறைய இருந்தும் செடி ஏன் வாடுது? ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்பு போட்டு வெச்சா, கொஞ்ச நேரத்துல மாங்காய் தண்ணி விடுதில்ல? மண்ணுல உப்பு ஏறினா வேருக்கும் அதே கஷ்டம். சுத்தி ஈரம் இருந்தாலும் வேரால இழுக்க முடியாது. அந்த நேரத்துல ரசாயன உரத்தை ஒரு கைப்பிடி போட்டா, உரமும் ஒரு வகை உப்புதான், நிலைமை இன்னும் மோசமாகும்.

காலை 7 மணி: கிச்சன்ல எது செடிக்கு, எது சிங்க்குக்கு?

இந்த நாளோட முக்கியமான கட்டம் இதுதான். ஏன்னா, சமையல் பெரும்பாலும் நல்ல தண்ணியில நடக்குது. அந்த நல்ல தண்ணியை ஒரு தடவை யூஸ் பண்ணிட்டு சிங்க்ல விட்டுட்டு, செடிக்கு மட்டும் உப்புத் தண்ணியை ஊத்துறோம். யோசிச்சுப் பார்த்தா கொஞ்சம் வேடிக்கைதான்.

சிங்க் பக்கத்துல ஒரு பக்கெட் வைங்க. அரிசி களைஞ்ச தண்ணி, பருப்பு கழுவின தண்ணி, இட்லி மாவுக்கு உளுந்து ஊற வெச்ச தண்ணி, காய்கறி, கீரை அலசின தண்ணி எல்லாம் அதுல. நாலு பேர் இருக்கிற வீட்டுல ஒரு வேளைச் சமையலுக்கே நாலைஞ்சு லிட்டர் சுலபமா சேரும். அன்னைக்கே ஊத்திடணும். அடுத்த நாள் வரை வெச்சா புளிச்சு நாறும், கொசுவும் வரும். புளிச்ச மோரை நாலைஞ்சு மடங்கு தண்ணி கலந்து கறிவேப்பிலைக்கு ஊத்துறது நம்ம பாட்டிங்க காலத்துப் பழக்கம். தாராளமா பண்ணலாம், ஆனா உப்பு போடாத மோரா இருக்கணும்.

இங்கேதான் பலர் சறுக்குற இடம். உப்பு போட்டு வேக வெச்ச உருளைக்கிழங்கு தண்ணி, நூடுல்ஸ், பாஸ்தா வடிச்ச தண்ணி, உப்பு மஞ்சள் போட்டு காலிஃப்ளவர் முக்கின தண்ணி, கருவாடு ஊற வெச்ச தண்ணி... இது எதுவும் செடிக்கு ஆகாது. கருவாட்டுத் தண்ணி ஊத்தினா கறிவேப்பிலை நல்லா வரும்னு கடலோர ஊர்ல யாராவது சொல்லியிருப்பாங்க. பச்சை மீன் கழுவின தண்ணின்னா சரி. கருவாட்டுத் தண்ணி வேண்டவே வேண்டாம்.

அடுத்து, ஆர்.ஓ மெஷின். 'ஆர்.ஓ வேஸ்ட் தண்ணியைச் செடிக்கு ஊத்துங்க'ன்னு ரீல்ஸ்ல ஆயிரம் பேர் சொல்றாங்க. ஏற்கெனவே நல்ல தண்ணி வர்ற ஊருக்கு அது சரி. நம்ம கரைக்கு நேர் எதிர். உங்க போர் தண்ணி 1,200-ன்னு வைங்க. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணி கொடுக்க மூணு லிட்டர் வெளியே தள்ளுதுன்னா, அந்த மூணு லிட்டர்ல ஏறக்குறைய நாலு லிட்டரோட உப்பும் இருக்கும். அதாவது 1,600 பக்கம். அதைத் தரை துடைக்க, டாய்லெட்டுக்கு, வாசல் கழுவ வெச்சுக்கோங்க. செடிப் பக்கம் மட்டும் போகாதீங்க.

இதே ஆர்.ஓ தொழில்நுட்பம்தான் மாமல்லபுரம் பக்கத்துல இருக்கிற நெம்மேலியில பிரமாண்டமா நடக்குது. 2013-ல தினமும் 100 மில்லியன் லிட்டர், 2024-ல திறந்த இரண்டாவது நிலையத்துல 150 மில்லியன் லிட்டர்னு கடல்நீரைக் குடிநீராக்குறாங்க. அந்தத் தண்ணியோட பெரும்பகுதி தென் சென்னைப் பக்கம் போகுது. நெம்மேலிக்காரங்க வீட்டுக் கறிவேப்பிலைக்கு பக்கெட்தான் கதி.

காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் கம்போஸ்ட் தொட்டிக்கு. சர்க்கரை போட்ட டீத்தூளை ஒருமுறை அலசிட்டுப் போடுங்க, இல்லைன்னா எறும்பு ஊர்வலம் பார்க்கலாம். ஊறுகாய் மிச்சம், அப்பளம், உப்பு போட்ட குழம்பு, சாதம் இதெல்லாம் கம்போஸ்ட்டுக்கு வேண்டாம். ஈரக் கழிவு ஒரு பங்குன்னா காய்ஞ்ச சருகு ரெண்டு பங்கு போட்டா நாத்தம் வராது.

என்ன வளர்க்கலாம், எதை விட்டுடலாம்?

அந்த மீட்டர் நம்பரை இப்போ எடுங்க. நான் மேலே சொன்ன ஐ.நா வழிகாட்டி, எந்தப் பயிர் எவ்வளவு உப்பு வரைக்கும் விளைச்சல் குறையாம தாங்கும்னு ஒரு பட்டியலே போட்டிருக்கு. அதை டி.டி.எஸ் நம்பரா மாத்தினா ஏறக்குறைய இப்படி வரும். பீன்ஸ், கேரட்டுக்கு 450. வெங்காயம், முள்ளங்கிக்கு 500. மிளகாய்க்கு 650. தக்காளிக்கும் வெள்ளரிக்கும் 1,100. பீட்ரூட் 1,700. தட்டைப்பயறு 2,000-ஐயே தொடும்.

கொத்தவரை இதுல கில்லாடி. உப்பு மண்ணைத் தாங்குற காய்கறிப் பயிர்கள்ல அதுக்கு முன்வரிசையில இடம் உண்டு. ஆனா ஏனோ மாடித்தோட்டம் போடுற யாரும் கொத்தவரையைக் கண்டுக்கறதே இல்லை. பொரியல் பண்ணத் தெரியாத தலைமுறைங்கிறதாலயோ என்னவோ! வெண்டை சுலபமா வரும்னு நினைச்சு முதல்ல போடுறோம், ஆனா அது நாம நினைக்கிற அளவுக்கு உப்பு தாங்காது. கத்தரியும் நடுத்தரம்தான்.

கீரையில, பருப்புக்கீரை உப்புக்கு அசராது. தரையில படர்ந்து தானா வளரும், பருப்போட கடைஞ்சா அப்படி இருக்கும். தண்டுக்கீரை, அரைக்கீரை வகைகளும் நடுத்தரமான தண்ணியைச் சமாளிக்கும். 25 நாள்ல அறுவடைங்கிறதால புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நம்பிக்கை கொடுக்கும் பயிர் இதுதான். பாலக், கொத்தமல்லியைக் குளிர்ச்சியான மாசங்களுக்கு ஒத்திப் போடுங்க.

தரையில இடம் இருந்தா முருங்கை, தென்னை, சப்போட்டா. பூவுக்கு நித்தியகல்யாணி, காகிதப்பூ. அரளியும் உப்புக்கு அஞ்சாது, ஆனா செடி முழுக்க விஷம், குழந்தைங்க, நாய்க்குட்டி இருக்கிற வீட்டுல யோசிச்சு வைங்க.

எது தாங்கும்னு சந்தேகமா இருந்தா பீச்சுல ஒரு நடை போய்ட்டு வாங்க. மணல்ல ஊதாப் பூவோட படர்ந்து கிடக்கிறது அடும்பு. நெய்தல் நிலம்னா சங்கப் புலவர்களுக்கு ஞாபகம் வந்த கொடி. கொஞ்சம் உள்ளே வந்தா தாழை, பூவரசு, புன்னை, வரிசை வரிசையா சவுக்குத் தோப்பு. இவை எல்லாம் உப்புக்காற்றோட பழகினவை. காம்பவுண்ட் ஓரமா பூவரசோ புன்னையோ வெச்சா, உங்க கத்தரிக்குக் காற்றுத் தடுப்பு ஆச்சு.

பீச்சுக்குப் போனதுதான் போனோம்னு ஒரு பை மணல் அள்ளிட்டு வந்துடாதீங்க. அந்த மணல் முழுக்க உப்பு. போதாததுக்கு, கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி அங்கே மணல் எடுக்கிறதே தடை.

பகல்: பத்து நிமிஷ வேலைதான்

ஓ.எம்.ஆர் ஆபீஸுக்குப் போறவங்களுக்குப் பகல்ல தோட்டத்துல வேலையே இல்லை. நல்லதுதான். வெயில் நேரத்துல தண்ணி ஊத்தக் கூடாது.

முன்கூட்டியே ரெண்டு விஷயம் பண்ணி வெச்சிருந்தா போதும். ஒண்ணு, மூடாக்கு. பையில மண்ணு மேலே ரெண்டு மூணு அங்குலத்துக்குச் சருகு பரப்புங்க. இந்தப் பக்கம் சவுக்குச் சருகுக்குப் பஞ்சமே இல்லை. ஆவியாகிறது குறைஞ்சா, தேங்குற உப்பும் குறையும். இன்னொண்ணு, மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் 50 சதவிகித நிழல்வலை. கத்திரி வெயில் காலத்துல மொட்டை மாடித் தளமே அடுப்பு மாதிரி கொதிக்கும்.

மதியம் வாக்குல கடற்காற்று கிளம்பும். அனலுக்கு இதமா இருக்கும், ஆனா கூடவே உப்புத் துகளும் வரும். கடல் பக்கம் பார்த்த வரிசையில உயரமான, தாங்குற செடிங்களை வெச்சு, நாத்து, கீரையெல்லாம் அதுக்குப் பின்னாடி மறைச்சு வைங்க. வாரத்துக்கு ஒருநாள் நல்ல தண்ணியால இலையைக் கழுவி விடலாம்.

வாரம் ஒருமுறை தவறவே கூடாத வேலை, பை அடியில இருக்கிற தட்டுகளைக் கவிழ்க்கிறது. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு, முட்டையில இருந்து பறக்குற வரைக்கும் வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கிற மாதிரி இதையும் பழக்கமாக்கிக்கோங்க.

மாலை 5 மணி: மீன் வாங்கப் போனா, கூடவே உரமும்

உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும் இருக்கிற வசதி இது. கோவளம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம்னு எந்தப் பக்கம் மீன் வாங்கினாலும், "அக்கா, செவுளு, குடலெல்லாம் தனியா ஒரு கவர்ல போட்டுக் கொடுத்துடுங்க"ன்னு கேட்டா கொடுத்துடுவாங்க. அதுல மீன் அமிலம் செய்யலாம்.

கழிவை நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. கடல் உப்பு போகணும், அதுக்குத்தான். எவ்வளவு எடை இருக்கோ அதே எடைக்கு நாட்டு வெல்லத்தைப் பொடிச்சுச் சேர்த்து, பிளாஸ்டிக் டப்பாவுல பாதி அளவுக்கு மட்டும் போட்டு மூடி, நிழல்ல வெச்சுடுங்க. கண்ணாடி பாட்டில் வேண்டாம், உள்ளே வாயு சேரும். அப்பப்போ மூடியை லேசா திறந்து காற்றை விடுங்க. மூணு வாரம் தாண்டினா தேன் மாதிரி திரவம் நிக்கும். சரியா வந்திருந்தா பழ வாசனையோட இருக்கும், குமட்டினா வெல்லம் பத்தலைன்னு அர்த்தம். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி கலந்து, 15 நாளைக்கு ஒருமுறை மாலையில தெளிங்க. பூனை வளர்க்கிறவங்க டப்பாவை எங்கே வைக்கிறோம்னு கொஞ்சம் யோசிச்சுக்கணும்!

மீன் வேண்டாம்னா பஞ்சகவ்யம் இருக்கு. கொடுமுடி டாக்டர் கே.நடராஜன் இன்னைக்கு நாம பயன்படுத்துற வடிவத்துல பரப்பினது. 10 லிட்டருக்கு 300 மில்லி போதும்.

செம்பருத்தியில வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி தெரிஞ்சா அதுக்கும் மாலைதான் நேரம். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலங்குறதுக்கு ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல். இதையும் நல்ல தண்ணியிலதான் கலக்கணும், கடினமான உப்புத் தண்ணியில எண்ணெய் கலக்காம மேலே மிதக்கும்.

புதுசா பை நிரப்புறவங்களுக்கு இன்னொரு விஷயம். தென்னை நார்க்கழிவு கட்டியிலேயே உப்பு இருக்கும். மட்டையை உப்பங்கழியில ஊறப் போட்டு எடுத்ததா இருந்தா இன்னும் அதிகம். பக்கெட்ல ஊற வெச்சு, அந்த பிரவுன் தண்ணியைக் கொட்டிட்டு, மூணு தடவை நல்ல தண்ணியில அலசிப் பிழிஞ்சு போடுங்க. பிழிஞ்ச தண்ணியில மீட்டரை முக்கினா எப்போ நிறுத்தலாம்னு அதுவே சொல்லிடும்.

ராத்திரி: ஏ.சி போடும்போது பைப்புக்கு ஒரு பக்கெட்

நம்ம கரையோரப் புழுக்கத்தைத் திட்டாத ஆள் இல்லை. அந்தப் புழுக்கத்துல இருந்துதான் செடிக்கு இலவசமா நல்ல தண்ணி கிடைக்குது. ஏ.சி-யில இருந்து சொட்டுறது காற்றுல இருக்கிற ஈரம் குளிர்ந்து வர்ற தண்ணி. மீட்டர்ல பார்த்தா ரொம்பக் குறைவாக் காட்டும். காற்றுல ஈரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தண்ணி. ராத்திரி முழுக்க ஓடினா காலையில பக்கெட்ல லிட்டர் கணக்குல நிக்கும்.

இதுல சத்து எதுவும் கிடையாது, அதனால தனியா ஊத்துறதைவிட போர் தண்ணியோட கலந்து ஊத்துறதுதான் புத்திசாலித்தனம். 1,200 காட்டுற போர் தண்ணி ஒரு பக்கெட், ஏ.சி தண்ணி ஒரு பக்கெட் கலந்தா 600. தக்காளியும் மிளகாயும் சந்தோஷமா குடிக்கிற நம்பர். நாத்துகளுக்கு முழுக்க ஏ.சி தண்ணியும் அரிசி களைஞ்ச தண்ணியுமே கொடுத்து வளர்த்துடுங்க. சின்ன வயசுல தப்பிச்ச செடி அப்புறம் ஓரளவு உப்பைத் தாங்கிக்கும்.

மழை வந்தா?

இந்த மாவட்டத்துக்கு மழைன்னா அக்டோபர் முதல் டிசம்பர்தான் பெரிசு. 2003-ல தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினப்போ போட்ட பைப் உங்க வீட்டுலயும் இருக்கும். அது இப்போ எங்கே போய் முடியுதுன்னு ஒரு தடவை பாருங்க. பல வீடுகள்ல அது நேரா தெருவுக்குப் போகும். அதைக் குழிக்கோ பழைய கிணத்துக்கோ திருப்பி விட்டீங்கன்னா, அந்த 40 அடி கணக்கு உங்களுக்குச் சாதகமா திரும்பும்.

செடிக்குப் பிடிக்கிறதும் லாபம்தான். 600 சதுர அடி மாடியில 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 550 லிட்டருக்கு மேலே விழும். சிந்தினது, ஆவியானது போக 450 லிட்டர் கைக்கு வரும்னு வைங்க. இருபது பைக்கு தினம் ஒவ்வொரு லிட்டர்னா மூணு வாரத்துக்குத் தாங்கும். முதல் பத்து நிமிஷ மழையை மட்டும் விட்டுடுங்க, மாடியில படிஞ்ச உப்பும் காக்கா எச்சமும் அதுலதான் வரும். டிரம்மை மூடி வைக்கணும், கொசு ஞாபகம் இருக்கட்டும். இந்தத் தண்ணியை வெச்சு கோடை முழுக்க ஓட்டிட முடியாது. தைப்பட்டத்துல விதை போட்டு நாத்து எடுக்கிற வரைக்கும் சேர்த்து வெச்சாலே பெரிய விஷயம்.

ஒரு நல்ல கனமழை பையில வருஷம் பூரா தேங்கின உப்பைக் கழுவி விட்டுடும். அதனால மழையில பைகளை உள்ளே எடுத்து ஒளிச்சு வைக்காதீங்க, நனையட்டும். புயல் எச்சரிக்கை வந்தா மட்டும் கதை வேற. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. அந்த மாதிரி நேரத்துல நிழல்வலையை முதல்ல கழட்டுங்க, அது பாய்மரம் மாதிரி பந்தலையே தூக்கிட்டுப் போயிடும். தொங்கும் தொட்டி, கைப்பிடிச் சுவர் மேலே இருக்கிற தொட்டி எல்லாத்தையும் கீழே இறக்கி, சுவர் ஓரமா நெருக்கி வைங்க. புயல் ஓய்ஞ்சதும் முதல் வேலை, இலைகளை நல்ல தண்ணியால கழுவுறது. கடல் பக்கமிருந்து அடிச்ச காற்றுல இலை முழுக்க உப்பு படிஞ்சிருக்கும்.

இப்போ ஆரம்பிக்கணும்னா...

தோட்டக்கலைத் துறையோட 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்' 2021-ல தொடங்கினப்போ 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளையை 225 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. குரோ பேக், நார்க்கழிவு கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அதுல உண்டு. திருப்போரூர், திருக்கழுக்குன்றம், காட்டாங்கொளத்தூர்னு உங்க வட்டாரத்துத் தோட்டக்கலை உதவி இயக்குநர் ஆபீஸ்ல, இந்த வருஷம் என்ன கொடுக்கிறாங்க, என்ன விலைன்னு கேளுங்க. ஆதார் நகல் கையில இருக்கட்டும். கோழி, ஆடுன்னு ஆசை பெரிசா இருந்தா காட்டுப்பாக்கத்துல கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, அங்கே பயிற்சியும் கொடுக்கிறாங்க.

தளையில வர்ற ஆறு விதைப் பாக்கெட்டையும் ஒரே நாள்ல விதைச்சுடாதீங்க. முதல் மாசம் ரெண்டு பை கீரை, ஒரு பை கொத்தவரை போதும். போறதுக்கு முன்னாடி போர் தண்ணியை அளந்து அந்த நம்பரையும் எடுத்துட்டுப் போங்க. "சார், எங்க தண்ணி 1,400, எந்த விதை கொடுக்கிறீங்க?"ன்னு கேட்டா, பேச்சு நேரா விஷயத்துக்கு வந்துடும்.